பட்டியலுக்கு வெளியே வளர்பவர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறு செய்தி வரும். அரசு விளையாட்டு விடுதிகளில் சேர மாணவ மாணவியருக்குத் தேர்வு நடக்கிறது, மாவட்ட விளையாட்டு மைதானத்துக்குக் காலை ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும், ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கடலை ஒட்டிக் கிடக்கிற மரக்காணத்திலிருந்து அந்த மைதானத்துக்குப் போக வேண்டுமானால் திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஏழு மணிக்கு அங்கே நிற்க, நாலு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். உப்பளத்துக்குப் போகிற அப்பாவும் அம்மாவும் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். ஏப்ரலும் மேயும் உப்பு நன்றாக விளைகிற மாதங்கள். வெயில் ஏறுவதற்குள் வாரி, கூடையில் அள்ளி, வரப்பில் கொட்டியாக வேண்டும். அந்த ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு யார் போவது?

எந்தப் பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்று பட்டியல் போடுகிற வேலை, எந்தப் பிள்ளையால் அன்று காலை வந்து நிற்க முடிந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறது. வராதவர் யார் என்பதற்குப் பட்டியலில் இடம் கிடையாது.

திறமைக்கு வரிசை எண் கொடுக்கிற வழக்கம் உச்சத்துக்குப் போன இடம் அமெரிக்கா. அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது பெரும் பணம் புழங்கும் உலகம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, மோதி, வீழ்த்துகிற ஆட்டம் அது. பள்ளிப் பையன்களை நேரில் பார்த்தும் காணொளியில் பார்த்தும் நட்சத்திரம் வழங்குவதற்கென்றே ரைவல்ஸ், 247 ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம் வாங்கிய பையனின் வீட்டு வாசலில் பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் காத்திருப்பார்கள். இரண்டு நட்சத்திரக்காரனை அவர்கள் பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள்.

ஜே.ஜே. வாட் அப்படி இரண்டு நட்சத்திரம் வாங்கியவர். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கொடுத்த இடத்தில் ஆட மனம் ஒப்பவில்லை. விலகி, உதவித்தொகை எதுவும் இல்லாமல் விஸ்கான்சினுக்குப் போனார். அங்கே அவரைத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார்கள். 2011-இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது பதினோராவது ஆளாகப் போனார். பிறகு மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். ஜோஷ் ஆலன் கலிபோர்னியாவில் ஃபயர்பா என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளி முடித்தபோது முதல் நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுகூட அவருக்கு இடம் தரவில்லை. ரீட்லி என்ற சிறிய கல்லூரியில் ஓராண்டு ஆடி, அங்கிருந்து வயோமிங் போய், 2018-இல் ஏழாவது ஆளாக பஃபலோ அணிக்கு எடுக்கப்பட்டார். 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் அவர்தான்.

இப்படிப்பட்ட கதைகளை மட்டும் அடுக்கிவிட்டுப் பட்டியல் எல்லாம் பொய் என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஐந்து நட்சத்திரக்காரர்கள் தொழில்முறை ஆட்டத்தின் முதல் சுற்றிலேயே எடுக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; தேசியப் பட்டம் வெல்லும் கல்லூரிகள் பெரும்பாலும் பட்டியலின் மேல்தட்டுப் பையன்களை நிறைய வைத்திருப்பவையே. பட்டியல் போடுபவர்களுக்குக் கண் இருக்கிறது. என் கவலை வேறு. ஐந்து நட்சத்திரம் கிடைத்த நாளிலிருந்து அந்தப் பையனுக்கு நல்ல பயிற்சியாளர், நல்ல சாப்பாடு, முட்டி வலித்தால் உடனே மருத்துவர், தவறு செய்தாலும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி இடம். நான்கு ஆண்டு கழித்து அவன் நன்றாக ஆடுகிறான். பார்த்தீர்களா, அன்றே சொன்னோமே என்கிறது பட்டியல். அவனுக்கு இருந்த திறமை எவ்வளவு, பட்டியல் அவனுக்கு வாங்கித் தந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குப் பிறகு யாராலும் முடியாது. இரண்டு நட்சத்திரக்காரனும் அதே நான்கு ஆண்டுகளை எங்கோ கழித்திருப்பான். அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

நம் ஊரில் நட்சத்திரம் இல்லை. அளவு நாடாவும் ஸ்டாப் வாட்சும் இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் தொடங்கியது. அதன் விளையாட்டு விடுதிகள் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் பயிற்சியும் கொடுத்திருக்கின்றன. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் விடுதிக்குள் நுழைகிற வாசல் குறுகியது, திறந்திருக்கும் நேரமும் குறைவு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு காலையில் ஓடி, தாண்டி, எறிந்து காட்டியதை வைத்துப் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதை உப்பளத்தை அடுத்த ஒரு பள்ளி மைதானத்தில் நின்று பார்த்தேன். மைதானம் என்றால் புல் கிடையாது. கோடையில் வெளுத்து, ஓரங்களில் உப்புப் பூத்த மண். ஆசிரியர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாடாவை விரித்து இரண்டு முனையிலும் செங்கல் வைத்திருந்தார். நின்ற இடத்திலிருந்து தாண்ட வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவர். ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது, குரல் உடைந்துவிட்டது, தொடை திரண்டிருந்தது. மற்றவன் இடுப்பில் நிற்காத கால்சட்டையை அரைஞாண் கயிற்றில் செருகியிருந்தான். முதலாமவன் தாண்டிய இடத்துக்கும் இரண்டாமவன் விழுந்த இடத்துக்கும் நடுவே இரண்டு முழம் இருக்கும்.

“சார், இன்னொரு வாட்டி தாண்டட்டுமா?”

“மூணு வாட்டி ஆச்சுடா. எழுதிட்டேன், போ.”

பிறகு பந்தை உருட்டிவிட்டார்கள். மெலிந்த பையன் பந்து வருகிற இடத்துக்குப் பந்துக்கு முன்பே போய் நின்றான். மீசைக்காரன் ஓடி வந்து மோதும்போது இவன் பந்தைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் இருந்தான். ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆட்டம் முழுக்க அப்படியே நடந்தது. ஆசிரியருக்கும் அது தெரிந்திருந்தது. “இவன் பந்தைப் பாக்குற விதமே வேற சார். ஆனா அதை எதுல எழுதுறது?” என்றார். அவர் கையிலிருந்த நோட்டில் உயரம், எடை, ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று கட்டங்கள் இருந்தன. பந்தைப் பார்ப்பதற்குக் கட்டம் இல்லை.

பதின்மூன்று வயதில் உடல் வளர்ச்சி ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே வகுப்பில், ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளேயே எலும்பு முதிர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் இருக்கலாம் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. முந்தி வளர்ந்தவன் அந்த வயதில் எதிலும் ஜெயிப்பான். பதினேழு வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். அதற்குள் அவர்கள் ஆட்டத்தை விட்டே போயிருப்பார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இதை உணர்ந்து, பிறந்த தேதியை ஒதுக்கிவிட்டு உடல் முதிர்ச்சியின்படி பையன்களைப் பிரித்து ஆடவிடும் முறையை 2015 முதல் சோதித்துப் பார்த்தது.

பிறந்த மாதம்கூட வரிசையைத் தீர்மானிக்கிறது. கனடாவின் ரோஜர் பார்ன்ஸ்லி 1985-இல் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்தபோது ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்ததைக் கண்டார். வயதுப் பிரிவின் எல்லை ஜனவரி 1 என்பதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். பத்து வயதில் அது பெரிய வித்தியாசம். மூத்தவனைத் திறமைசாலி என்று எடுத்து, பயிற்சி கொடுத்து, நிஜமாகவே திறமைசாலி ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இதற்கு நமக்கே உரிய ஒரு திருகல் உண்டு. நம் பெற்றோர் தலைமுறையில் பலருக்கும் பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி மே மாதத்திலோ ஜூனிலோ இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது ஆக வேண்டும் என்பதால் தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து எழுதிய தேதி அது. அந்தத் தேதியோடு மைதானத்துக்குப் போன பிள்ளை, காகிதத்தில் தன்னைவிட மூத்தவனாக நின்று, நிஜமாகவே மூத்தவர்களோடு ஓடித் தோற்றிருக்கும். இன்று ஆஸ்பத்திரிப் பிரசவமும் பிறப்புச் சான்றிதழும் வந்து அதைச் சரிசெய்துவிட்டன. தோற்று வீட்டுக்குப் போனவர்களின் கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். ஓடும்போது முதல் சுற்றில் தெரியாது, இரண்டாம் சுற்றில் கால் கெஞ்சும், மூச்சு முட்டும். ஸ்டாப் வாட்ச் அதைச் சோம்பல் என்றோ ஸ்டாமினா இல்லை என்றோ எழுதிக்கொள்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அண்மைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று என்று அதை நான் நினைக்கிறேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. விளையாட்டுத் தேர்வு தொடங்குவது ஆறாம் வகுப்புக்குப் பிறகு. அம்மா விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விட்ட வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண் முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்து ஓடுகிறாள். உடம்பு சட்டென்று நீளுகிற வயது. இரும்பு அதிகம் தேவைப்படுகிற வயது. வரிசை எண் அவளுக்குக் கிடைக்கிறதா, அவள் சாப்பிட்டதற்குக் கிடைக்கிறதா?

முந்திக்கொண்டு முடிவு கட்டக் கூடாது என்பதை மரக்காணத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்ல உப்பையே எடுத்துக்கொள்ளலாம். கடல்நீர், உப்பின் செறிவை அளக்கும் டிகிரிமானியில் மூன்று டிகிரி அளவு காட்டும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்டவிடுகிறார்கள். பத்து டிகிரியில் பார்த்தால் தண்ணீர், பதினைந்தில் பார்த்தாலும் தண்ணீர், இருபதிலும் உப்புக் கண்ணில் படாது. இருபத்தைந்து டிகிரியை ஒட்டித்தான் சாதாரண உப்பு படியத் தொடங்குகிறது. முப்பதை நெருங்கவிட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்து விளைச்சல் கெடும். ஆகவே அந்த நீரை வடித்துவிட வேண்டும். பத்து டிகிரியில் நிற்கிற பாத்தியைப் பார்த்து இதில் உப்பு இல்லை என்று எந்தத் தொழிலாளியும் மடை திறந்து விடமாட்டார். பருவம் தொடங்கும் முன் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். நீர் கீழே இறங்காமல் நிற்பதும், உப்பில் மண் கலக்காமல் வருவதும் அந்த மிதியால்தான்.

பிள்ளைகளுக்காக அப்படி மிதித்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுக் கூலித் தொழிலாளியின் மகன் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார். வயதுப் பிரிவு அணிகள் எதிலும் அவர் பெயர் கிடையாது. ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்குக் கூட்டிவந்து கிளப்பில் சேர்த்தார். 2015 ஜனவரியில் ரஞ்சிப் போட்டியில் அறிமுகமானார். அதே வேகத்தில் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது. பலருடைய ஆட்டம் முடிந்துபோகிற இடம் அது. பயிற்சியாளர்கள் அவரை உட்காரவைத்துக் கையின் பாதையைத் திருத்தினார்கள். மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத் எடுத்தபோது விலை 40 லட்சம். இரண்டு பருவங்கள் ஒரு போட்டிகூட ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். ஏலத்தின் கணக்கில் விலை சரிந்த ஆள். அந்த இரண்டு ஆண்டும் வலையில் யார்க்கரைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்த ஆள். 2020-இல் 16 விக்கெட். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டுத் திரும்பினார். பிறகு ஊரில் பையன்களுக்கு மைதானம் கட்டினார். ஜெயப்பிரகாஷ் தனக்குச் செய்ததை அவர் அடுத்தவர்களுக்குச் செய்கிறார்.

வருண் சக்ரவர்த்தி பள்ளி நாளில் விக்கெட் கீப்பர். வயதுப் பிரிவுத் தேர்வுகளில் எடுக்கப்படாமல் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்தார், வேலைக்கும் போனார். இருபத்தைந்து வயதுக்கு மேல் திரும்பி வந்து சுழல் பந்து கற்றுக்கொண்டார். 2019 ஏலத்தில் எட்டு கோடியே நாற்பது லட்சம்; அந்தப் பருவத்தில் ஆடியது ஒரே ஒரு போட்டி. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் ஒன்பது விக்கெட். பதினேழு வயதில் அவரை நிராகரித்தவர்கள் தவறு செய்யவில்லை. அன்று அவர் கீப்பர், அணிக்கு வேறு கீப்பர் கிடைத்திருப்பார். மூடிய கதவை மறுபடி தட்டும் வசதி அவருக்கு இருந்தது. படிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது, சென்னை இருந்தது. உப்பளத்துப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் மறுபடி தட்ட எந்தக் கதவு இருக்கிறது?

கிரிக்கெட்டை விடுகிறேன்; பணமும் கண்களும் அங்கே நிறைய. மரக்காணத்திலிருந்து புதுச்சேரியைத் தாண்டி இதே கடற்கரையில் தெற்கே போனால் கடலூர். பட்டியலுக்கு வெளியே ஒரு பெரிய காரியம் அங்கே நடந்தது. இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற பெயரில் பயிற்சியாளர் மாரியப்பன் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்று நாடு நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கடலூரில் வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுகளத்தில் நின்றார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரையே வீழ்த்தி முதன்முறையாகப் பட்டம் வென்றது. அதே ஆண்டு இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடிய ஏழு அணிகளில் கடலூர்க் கழகமும் ஒன்று. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத ஒரு மாவட்டத் தலைநகர அணி, நாட்டின் தலைசிறந்த ஏழில் நின்றது. 2019-இல் மதுரையின் சேது அணி லீக்கை வென்றபோது இந்துமதி அதில் இருந்தார். 2023-இல் அமிர்தசரஸில் தமிழ்நாடு மறுபடி தேசியப் பட்டம் வென்றது.

இவர்களை யாரும் தேசம் முழுக்கச் சலித்துத் தேடி எடுத்துவரவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். வந்தவர்களை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தினமும் காலையும் மாலையும் மைதானத்தில் நின்றார்கள். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடுவதா என்று கேட்கும் வீட்டாரிடம் போய் உட்கார்ந்து பேசினார்கள். நல்ல பயிற்சி என்று நாம் பேசும்போது உத்திகளைப் பற்றியே பேசுகிறோம். பாதிக்கு மேல் இதுதான் வேலை.

இந்துமதி பிறகு தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். 2020 ஊரடங்கின்போது சென்னையில் பணியில் நின்றார். ஆகவே விளையாட்டுச் சான்றிதழ்களை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு. சர்வதேசப் போட்டிக்கு ஒரு படிவம், தேசியப் போட்டிக்கு ஒரு படிவம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கும் பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்கும் தனித்தனிப் படிவம். சிபாரிசுக் கடிதம் வைத்திருந்தவன் முந்திக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால், காகிதத்தில் இருப்பதற்கு மதிப்பெண் என்பது ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவோ மேல். கூலி வேலை செய்கிறவரின் மகள் ஒரு சான்றிதழின் பலத்தில் காக்கிச் சட்டை போட முடிகிறது என்றால் அந்தச் சான்றிதழ் வாழ்க.

கல்லூரிகளிடம்தான் எனக்குச் சண்டை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது கல்லூரிகள் பார்ப்பது சான்றிதழை மட்டும். மாநில அணிக்கு ஆடியவனா, தேசியப் போட்டிக்குப் போனவனா, வா, கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம். மூன்று ஆண்டுகளில் அவன் கல்லூரிக்குக் கோப்பை வாங்கித் தருவான். நுழைவாயிலில் பேனர் வைப்பார்கள். அவன் உள்ளே வந்தபோது எப்படி ஆடினானோ அப்படியே ஆடி வெளியே போகிறான் என்பதை யாரும் கேட்பதில்லை. இடது காலால் பந்தடிக்கத் தெரியாமல் வந்தவன் இடது காலால் அடிக்கத் தெரியாமலே பட்டம் வாங்குகிறான். கணுக்கால் காயம் பட்டால் ஐஸ் கட்டி, அடுத்த போட்டிக்கு முன் ஒரு ஊசி. ஆக்கி வைத்ததை எடுத்துக்கொள்கிற இடமாக இருக்கிறதே தவிர, ஆக்குகிற இடமாகக் கல்லூரி இல்லை. விதிவிலக்கான உடற்கல்வி இயக்குநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தனி மனிதர்களாகவே விதிவிலக்கு. சான்றிதழ் இல்லாத நாலு பிள்ளைகளை எடுத்து மூன்று ஆண்டில் வளர்த்துக் காட்டு என்று எந்த நிர்வாகமும் அவர்களிடம் கேட்டதில்லை.

கேட்பதற்கு நியாயம் உண்டு. ஆர்னே கூலிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் சகாக்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் இளமைக்காலத்தைத் தொகுத்துப் பார்த்தார்கள். உலகத் தரத்துக்குப் போனவர்கள், தேசிய அளவோடு நின்றவர்களைவிடத் தங்கள் ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். சிறுவயதில் ஜொலித்தவர்களிடம் இதற்கு நேர்மாறான பாதை தெரிந்தது. அப்படியானால் பன்னிரண்டு வயதில் போடும் பட்டியல், பன்னிரண்டு வயதில் ஜெயிப்பதற்கான பட்டியல். அதை இருபத்திரண்டு வயதுக்கான பட்டியலாக நினைத்துப் பணத்தையும் விடுதி இடத்தையும் அதன் மீதே வைத்துவிடுகிறோம்.

பிள்ளைக்கும் பட்டியலுக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆசிரியரின் நிலை என்ன? 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. நிரந்தரப் பணி கேட்டு ஆண்டுதோறும் போராடுகிறார்கள். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது அவர்களுடைய நெடுநாள் குமுறலாக இருந்தது. விடுதித் தேர்வு நடக்கிற மே மாதம்தான் அது. பிள்ளையைத் திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்குக் கூட்டிப்போக ஆள் தேவைப்படுகிற அந்த மாதத்தில், அதற்கு மிகவும் பொருத்தமான மனிதருக்கு அரசு பல ஆண்டுகள் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. பலர் தம் கைக்காசில் கூட்டிப்போகிறார்கள். மாணவன் ஜெயித்தால் செய்தித்தாளில் மாணவன் பெயர் வரும், தலைமையாசிரியர் பாராட்டியதாக வரும்.

செய்யக்கூடியவை பெரிய விஷயங்கள் இல்லை. விடுதித் தேர்வை உப்பு விளையும் மாதத்தில் வைக்காமல், மழை விட்டு உப்பளத்தில் வேலை சூடுபிடிக்கும் முன் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். அதையும் மரக்காணத்திலேயே வைக்கலாம், அதிகாரிகள் நான்கு பேர் ஜீப்பில் வருவது நாற்பது பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் போவதைவிட எளிது. தாண்டுதலும் ஓட்டமும் அளந்த பிறகு அரை மணி நேரம் பந்தைக் கொடுத்து ஆடவிட்டுப் பார்க்கலாம். ஆசிரியரின் நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போடலாம். காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டலாம். எடுக்கப்படாதவர்களின் பெயர்களையும் ஒரு பதிவேட்டில் வைத்துக்கொண்டு பதினைந்து வயதில் ஒருமுறை, பதினேழில் ஒருமுறை தபால் போட்டுக் கூப்பிடலாம். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து, அந்தக் கூப்பிடுகிற வேலையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். எந்தப் பிள்ளை எந்தக் குப்பத்தில், எந்த உப்பளத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.